பயனர் நடத்தைப் பகுப்பாய்வுக் கருவிகள்

பயனர் நடத்தைப் பகுப்பாய்வுக் கருவிகள் என்பவை ஒரு வலைத்தளத்திற்கோ கைபேசிச் செயலிக்கோ வருவோர் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து, எண்ணி, அறிக்கையாகத் தரும் மென்பொருள்கள் ஆகும். எந்தப் பக்கத்தைத் திறந்தனர், எவ்வளவு தூரம் உருட்டிப் படித்தனர், எந்தப் பொத்தானைத் தொட்டனர், எந்த இடத்தில் சலித்து வெளியேறினர் என்பன போன்ற வினாக்களுக்கு இவை விடை தருகின்றன. கூகுள் அனலிட்டிக்ஸ், அடோபி அனலிட்டிக்ஸ், மட்டோமோ, மிக்ஸ்பேனல், ஆம்பிளிட்யூட், ஹாட்ஜார், மைக்ரோசாப்ட் கிளாரிட்டி, பிளாசிபிள், போஸ்ட்ஹாக் முதலியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

கணினிப் பாதுகாப்புத் துறையிலும் இதே பெயர் வழங்குகிறது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் கணக்கு வழக்கத்திற்கு மாறாகச் செயல்படுகிறதா என்று பார்த்து ஊடுருவலைக் கண்டறிவது அது. அதற்கும் இங்கு விளக்கப்படும் கருவிகளுக்கும் பெயர் ஒன்றாக இருப்பினும் பயன் வேறு.

தோற்றம்

வலையின் தொடக்க ஆண்டுகளில் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் வழங்கிக் கணினி தன் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். எந்த ஐ.பி. முகவரி, எந்தக் கோப்பு, எந்த நேரம் என்பன அவ்வரியில் இருக்கும். அந்தக் கோப்பைப் படித்துக் கூட்டிச் சொல்லும் நிரல்களே முதல் பகுப்பாய்வுக் கருவிகள். கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் எழுதி 1995இல் வெளியிட்ட அனலாக் அவற்றுள் புகழ்பெற்றது.

பதிவுக் கோப்பு முறையில் இரண்டு குறைகள் இருந்தன. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து போவதும் மனிதர் வருகையாகவே எண்ணப்பட்டது. பக்கம் திறந்த பின்னர் படிப்பவர் என்ன செய்தார் என்பது வழங்கிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பக்கத்திற்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் குறுநிரலை வைத்து, அது உலாவியில் இருந்தபடி செய்தி அனுப்பும் முறை வந்தது. இன்றைய வலைக் கருவிகளில் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்குகின்றன.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இருந்த அர்ச்சின் என்னும் நிறுவனத்தைக் கூகுள் 2005இல் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் அதன் மென்பொருளைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் கட்டணமின்றி வெளியிட்டது. அதுவரை பணம் கொடுத்துப் பெற வேண்டியிருந்த ஒன்று இலவசமானதால் சிறு வலைத்தளங்களும் இதைப் பயன்படுத்தத் தொடங்கின. விளம்பர இணைப்புகளின் வாலில் இன்றும் காணப்படும் யு.டி.எம். என்னும் மூன்றெழுத்தில் முதல் எழுத்து அந்த அர்ச்சினைக் குறிப்பதே. நிறுவனம் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருநிறுவனங்களின் பக்கம் ஆம்னிச்சர் வலுவாக இருந்தது. அதை அடோபி 2009இல் சுமார் 180 கோடி டாலருக்கு வாங்கியது. இன்றைய அடோபி அனலிட்டிக்ஸ் அதன் தொடர்ச்சியாகும்.

ஒரு பயனர் என்பது யார்?

கருவிகளை ஒப்பிட முற்படுவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான். வகுப்பறை வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவருக்கு ஒரு பெயர், ஒரு வரி. பகுப்பாய்வுக் கருவியின் பதிவேடு அப்படிப்பட்டதன்று. அது பார்ப்பது மனிதரை அன்று, உலாவியையோ கருவியையோ மட்டுமே. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே கைபேசியில் ஒரு பாடத் தளத்தைப் பார்த்தால் அறிக்கையில் அவர்கள் ஒரு பயனர். அவர்களில் ஒருவர் பள்ளிக் கணினியிலும் அதே தளத்தைத் திறந்தால் அங்கே இன்னொரு பயனர் பிறந்துவிடுகிறார்.

உலாவியை அடையாளம் காண்பதற்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் குக்கி எனப்படும் சிறு நினைவுக் குறிப்பைப் பயன்படுத்துகிறது. அந்தக் குக்கி அழிக்கப்பட்டால் பழையவரே புதியவர் ஆகிவிடுவார். ஆப்பிளின் சஃபாரி உலாவி, குறுநிரல் வழியாக வைக்கப்படும் குக்கிகளின் ஆயுளை 2019 முதல் ஏழு நாள்களாகக் குறைத்துள்ளது. ஆதலால் பத்து நாளுக்கு ஒருமுறை ஐபோனில் வந்து படிக்கும் ஒரு நிலையான வாசகர், ஒவ்வொரு முறையும் புதுமுகமாகவே எண்ணப்பட வாய்ப்புண்டு.

எஸ்தோனியாவைத் தளமாகக் கொண்ட பிளாசிபிள் குக்கியே வைப்பதில்லை. ஐ.பி. முகவரி, உலாவியின் பெயர் விவரம், தளத்தின் பெயர் ஆகியவற்றுடன் அன்றாடம் மாறும் ஓர் இரகசிய எண்ணைச் சேர்த்து ஒரு குறியீடாக மாற்றிக்கொள்கிறது. மறுநாள் அந்த இரகசிய எண் அழிக்கப்படுகிறது. எனவே நேற்று வந்தவர்தான் இன்றும் வந்தார் என்பதை அக்கருவியே அறிய முடியாது. தனியுரிமைக்கு இது நல்லது. ஆனால் திங்களும் செவ்வாயும் வந்த ஒருவர் இருவராக எண்ணப்படுவார். மறுபுறம், கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அவர்களுள் இருவர் ஒரே வகைக் கைபேசியும் ஒரே உலாவிப் பதிப்பும் வைத்திருந்தால் இருவரும் ஒருவராகிவிடலாம்.

விக்கிமீடியா நிறுவனம் இதற்கு வேறொரு வழி கண்டுள்ளது. அதன் தளங்கள் வைக்கும் குக்கியில் அடையாள எண் எதுவும் இராது. கடைசியாக வந்த நாள் மட்டுமே இருக்கும். அந்த நாள் இன்றைய நாளாக இல்லாவிட்டால் இன்று இது புதிய கருவி என்று எண்ணிக்கொள்கிறார்கள். யார் என்று கேட்காமலேயே எத்தனை என்று எண்ணும் எளிய உத்தி இது.

ஒரே தளத்தில் இரண்டு கருவிகளை வைத்தால் இரண்டு எண்கள் வருவது இதனால்தான். விளம்பரத் தடுப்பான்கள் சில கருவிகளின் குறுநிரல்களை மட்டும் தடுப்பதும், ஒப்புதல் பெட்டியில் மறுத்தவர்களை ஒரு கருவி விட்டுவிடுவதும், நேர வலயம் வேறுபடுவதும் பிற காரணங்கள். இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, ஒரே கருவியைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு அதன் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

கருவிக் குடும்பங்கள்

இக்கருவிகளை அவை விடை தரும் வினாவைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். எத்தனை பேர், எங்கிருந்து வந்தனர் என்பதைச் சொல்பவை போக்குவரத்துக் கருவிகள். கூகுள் அனலிட்டிக்ஸ், மட்டோமோ, பிளாசிபிள் ஆகியவை இந்தப் பக்கம் சாய்ந்தவை. என்ன வரிசையில் என்னென்ன செய்தனர், திரும்பி வந்தனரா என்பதை ஆராய்பவை நிகழ்வுக் கருவிகள். 2009இல் தொடங்கிய மிக்ஸ்பேனலும் 2012இல் தொடங்கிய ஆம்பிளிட்யூடும் இவ்வகை. திரையில் எந்த இடத்தைத் தொட்டனர், எங்கே திணறினர் என்பதைக் காட்டுபவை காட்சிக் கருவிகள். மால்ட்டாவில் தோன்றிய ஹாட்ஜார், மைக்ரோசாப்ட் 2020இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட கிளாரிட்டி, அவற்றுக்கு முன்பே வந்த கிரேசி எக் ஆகியவை இதில் அடங்கும். எல்லைகள் கறாரானவை அல்ல. 2020இல் தொடங்கிய திறமூலக் கருவியான போஸ்ட்ஹாக் மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. ஹாட்ஜாரை 2021இலும் ஹீப் என்னும் நிகழ்வுக் கருவியை 2023இலும் கன்டென்ட்ஸ்கொயர் என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கிவிட்டது.

சென்னைக்கும் இத்துறையில் இடமுண்டு. சோகோ நிறுவனத்தின் பேஜ்சென்ஸ் வெப்ப வரைபடம், அமர்வுப் பதிவு, புனல் ஆய்வு ஆகியவற்றைத் தருகிறது. சென்னையில் தோன்றி இதே வகைக் கருவியை உருவாக்கிய சார்ஜெட் என்னும் புத்தாக்க நிறுவனத்தை, அதே ஊரில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் 2017இல் வாங்கியது.

மூன்று குடும்பங்களும் எப்படி ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிளஸ் டூ பழைய வினாத்தாள்களைப் பதிவிறக்கத் தரும் ஒரு தளம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வாரத்தில் முகப்புப் பக்கத்திற்கு 1000 பேர் வருகின்றனர். அவர்களில் 400 பேர் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். 380 பேர் வினாத்தாள் பக்கத்தை அடைகின்றனர். 95 பேர் மட்டும் பதிவிறக்கம் செய்கின்றனர். போக்குவரத்துக் கருவி 1000 என்ற எண்ணைக் காட்டும். பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நிகழ்வுக் கருவியில் இதைப் புனல் வடிவில் பார்த்தால் படிக்குப் படி முறையே 40, 95, 25 விழுக்காட்டினர் கடந்திருப்பது தெரியும்.

எந்தப் படியைச் சரி செய்வது? ஆள் கணக்கில் முதல் படியில்தான் இழப்பு அதிகம்: 600 பேர். ஆனால் அவர்களில் பலர் வேறெதையோ தேடி வழிதவறி வந்தவர்களாக இருக்கலாம். கடைசிப் படியில் விலகிய 285 பேரோ பாடத்தைத் தேர்ந்து, ஆண்டைத் தேர்ந்து, வினாத்தாளின் வாசல் வரை வந்தவர்கள். வேண்டும் என்று வந்தவர்களில் நால்வரில் மூவர் வெறுங்கையோடு திரும்புகின்றனர் என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. புனல் இடத்தைக் காட்டிவிட்டது. காரணத்தை அது சொல்லாது.

இங்கே காட்சிக் கருவி கைகொடுக்கிறது. வெப்ப வரைபடம் என்பது அதிகம் தொடப்பட்ட இடத்தைச் சிவப்பாகவும் குறைவாகத் தொடப்பட்ட இடத்தை நீலமாகவும் காட்டும் படம். இத்தளத்தின் வரைபடத்தில் வினாத்தாளின் முதல் பக்கப் படத்தின்மீது சிவப்பு குவிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாணவர்கள் அந்தப் படத்தையே பொத்தான் என்று எண்ணித் தொடுகின்றனர் என்பது புலப்படும். தொட்டும் எதுவும் நிகழாத இத்தகைய தொடுகையைச் செத்த சொடுக்கு என்றும், பொறுமையிழந்து அதே இடத்தில் படபடவென்று தட்டுவதை ஆத்திரச் சொடுக்கு என்றும் இத்துறையில் குறிப்பிடுகின்றனர். உண்மையான பொத்தான் சிறிய கைபேசித் திரையில் விளம்பரத்திற்குக் கீழே ஒளிந்திருப்பதை அமர்வுப் பதிவு காட்டிவிடும். படத்திற்கும் இணைப்புக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அளவைச் சொற்கள் பெயர் மாறாமலேயே பொருள் மாறுவதும் உண்டு. துள்ளல் வீதம் இதற்குச் சான்று. கூகுளின் பழைய பதிப்பில் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியேறிய ஒவ்வொருவரும் துள்ளியவரே. ஒரு கட்டுரையை ஐந்து நிமிடம் ஊன்றிப் படித்து நிறைவோடு சென்றவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார். கலைக்களஞ்சியம் போன்ற தளங்களுக்கு இது பெரிய அநீதி. 2020இல் அறிமுகமான நான்காம் பதிப்பில், பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, தள உரிமையாளர் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. அவ்வாறு இல்லாதவையே துள்ளல். இந்த வேறுபாட்டை அறியாமல் பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து, வாசகர் ஆர்வம் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவது பிழையாகும்.

கைபேசிச் செயலிகளில் உள்ள வேறுபாடு

செயலியில் பக்கம் என்பதே இல்லை. திரைகளும் தொடுகைகளும்தான் உண்டு. எனவே செயலிக்கான கருவிகள் தொடக்கத்திலிருந்தே நிகழ்வை அலகாகக் கொண்டன. கூகுள் 2014இல் வாங்கிய ஃபயர்பேஸ் தளத்தில் 2016இல் வந்த பகுப்பாய்வுச் சேவை இவ்வகையே. பின்னர் கூகுள் அனலிட்டிக்ஸின் நான்காம் பதிப்பு வலைக்கும் அதே நிகழ்வு முறையைக் கொண்டுவந்தது.

செயலிக்குள் குறுநிரலுக்குப் பதிலாக எஸ்.டி.கே. எனப்படும் மென்பொருள் தொகுப்பு சேர்க்கப்படுகிறது. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. வலைத்தளத்தில் ஒரு நிகழ்வின் பெயரைத் தவறாக வைத்துவிட்டால் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். செயலியிலோ புதிய பதிப்பு உருவாக்கி, ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் ஏற்றி, பயனர் அதை நிறுவும்வரை காத்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவர்களின் கைபேசிகள் பழைய பெயரிலேயே தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் செயலியில் எதை எந்தப் பெயரில் அளப்பது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதித் திட்டமிடுவது இன்றியமையாதது.

இணைப்பு இல்லாத இடத்தில் செயலி நிகழ்வுகளைக் கைபேசியிலேயே சேமித்து வைத்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பும். மலைப்பாதைப் பேருந்தில் நேற்று மாலை படித்தது இன்று காலை வந்து சேரலாம். ஆகவே இன்றைய எண்ணிக்கை நாளை சற்றுக் கூடியிருந்தால் அது பிழையன்று.

மிக்ஸ்பேனல் போன்றவற்றில் எதை அளக்க வேண்டும் என்பதை முன்பே சொல்ல வேண்டியிருந்த நிலையில், 2013இல் தொடங்கிய ஹீப் எல்லாத் தொடுகைகளையும் தானாகவே பதிந்துகொண்டு வேண்டியதைப் பின்னர் தேடிக்கொள்ளும் முறையை முன்வைத்தது. இது வசதியானதுதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் கிடங்கில் சேரக்கூடாததும் சேர்ந்துவிடும்.

அமர்வுப் பதிவும் அதன் ஆபத்தும்

அமர்வுப் பதிவு என்பது திரையைக் காணொளியாகப் படம்பிடிப்பது என்று பலர் கருதுகின்றனர். வலையில் அப்படி நடப்பதில்லை. பக்கத்தின் கட்டமைப்பை ஒருமுறை நகலெடுத்துக்கொண்டு, அதன்பின் ஏற்படும் மாற்றங்களையும் சுட்டியின் நகர்வையும் வரிசையாக எழுதிவைத்து, பிறகு அவற்றைக் கொண்டு அதே காட்சியை மீண்டும் கட்டியெழுப்புகிறார்கள். நாடகத்தைப் படம்பிடிக்காமல் கதை வசனக் குறிப்பை வைத்து மீண்டும் நடித்துக் காட்டுவது போன்றது இது. அதனால்தான் இப்பதிவுகள் அளவில் சிறியவை. அதனால்தான் பக்கத்தில் இருந்த எழுத்துகளும் எழுத்துகளாகவே அவற்றுக்குள் போய்விடுகின்றன.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அலெக்சா பட்டியலில் முதல் 50,000 தளங்களை ஆராய்ந்து, 482 தளங்களில் இத்தகைய பதிவு நடப்பதற்கான சான்றுகளைக் கண்டனர். படிவத்தில் தட்டியதை அனுப்பாமல் அழித்துவிட்டாலும் தட்டிய எழுத்துகள் மூன்றாம் தரப்பிடம் சென்று சேர்ந்துவிட வாய்ப்பிருப்பதையும், கடவுச்சொல், கடன் அட்டை விவரம், மருத்துவத் தகவல் போன்றவை கசியக்கூடும் என்பதையும் அவர்கள் காட்டினர். 2019 பிப்ரவரியில் பயணம், தங்கும் விடுதி தொடர்பான சில ஐபோன் செயலிகள் பயனருக்குத் தெரிவிக்காமல் திரையைப் பதிவு செய்ததாகச் செய்தி வந்தது. பதிவை நீக்க வேண்டும் அல்லது பயனருக்குத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்று ஆப்பிள் அச்செயலிகளை உருவாக்கியோருக்கு உத்தரவிட்டது.

இன்று பெரும்பாலான கருவிகள் தட்டச்சிடும் பெட்டிகளை இயல்பாகவே மறைத்துவிடுகின்றன. கிளாரிட்டியில் கடுமையானது, நடுநிலையானது, தளர்வானது என மூன்று மறைப்பு நிலைகள் உள்ளன. எனினும் ஒருவர் தட்டுவது மட்டுமே தனிப்பட்ட தகவல் அன்று. தேர்வு முடிவுப் பக்கத்தில் மாணவர் தட்டுவது பதிவெண்ணும் பிறந்த தேதியும். தளம் திருப்பிக் காட்டுவது பெயரும் மதிப்பெண்களும். பெட்டியை மறைத்துவிட்டுப் பக்கத்தை மறைக்காமல் விட்டால் தோல்வியடைந்த மாணவரின் பெயர் தளத்தின் உரிமையாளர் முதல் கருவி நிறுவனத்தின் வழங்கி வரை திறந்து கிடக்கும். மதிப்பெண், மருத்துவம், பணம் ஆகியவை தோன்றும் பக்கங்களில் அமர்வுப் பதிவை வைக்காமலிருப்பதே முறை.

சட்ட நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாகத் தரவு அமெரிக்காவுக்குச் செல்வது அவ்விதிகளுக்கு முரணானது என்று 2022 தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஆணையமும் பிரான்சின் ஆணையமும் அடுத்தடுத்துக் கூறின. 2023 சூலையில் ஒன்றியத்திற்கும் அமெரிக்காவிற்கும் இடையே புதிய தரவு ஏற்பாடு வந்தபின் அச்சிக்கல் தணிந்தது. இடைப்பட்ட காலத்தில் தரவைத் தம் வழங்கியிலேயே வைத்துக்கொள்ளத்தக்க மட்டோமோவுக்குப் பலர் மாறினர். ஆப்பிள் 2021 ஏப்ரலில் ஐ.ஓ.எஸ். 14.5 பதிப்பு முதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர்வதற்கு முன் அவரிடம் கேட்டாக வேண்டும் என்று விதித்தது.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் அது குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதோ அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதோ கூடாது. 2025 நவம்பரில் வந்த விதிகள் கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. மாணவர்களுக்கான செயலி உருவாக்குவோர் அனைத்தையும் பதிந்துகொள்ளும் கருவியை இலவசம் என்பதற்காக எடுத்து ஒட்டிவிடுவது இனி எளிதன்று.

தெரிவும் செலவும்

கட்டண முறையும் கருவிக்குக் கருவி மாறுகிறது. பிளாசிபிள் பக்கப் பார்வைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் கேட்கிறது. ஆம்பிளிட்யூட், மிக்ஸ்பேனல் போன்றவை இலவச அளவைத் தாண்டியபின் நிகழ்வு அல்லது பயனர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெறுகின்றன. கிளாரிட்டி முற்றிலும் இலவசம். மட்டோமோவைச் சொந்த வழங்கியில் நிறுவினால் அடிப்படை மென்பொருளுக்குப் பணம் வேண்டாம், ஆனால் பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் இயங்கும் வழங்கிக்கும், அதைப் பராமரிக்கும் ஒருவருக்கும் செலவாகும். வெப்ப வரைபடமும் அமர்வுப் பதிவும் அதில் தனி விலை.

சிறிய வலைப்பூ, ஊர்ச் சங்கத் தளம், பள்ளித் தளம் போன்றவற்றிற்குப் பிளாசிபிள் அல்லது மட்டோமோ போதும். ஒப்புதல் பெட்டியின் தொல்லையும் குறையும். விளம்பரத்தில் பணம் போடும் வணிகத் தளங்கள் கூகுளின் விளம்பரச் சேவையோடு இணைந்த அதன் கருவியைத் தவிர்ப்பது கடினம். நாள்தோறும் திரும்பி வருவோரை நம்பியிருக்கும் செயலிக்கு நிகழ்வுக் கருவி ஏற்றது. காட்சிக் கருவியை ஆண்டு முழுவதும் ஓடவிடத் தேவையில்லை. ஐயம் எழுந்த பக்கத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். பதிவுகளை உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அவற்றைச் சேர்ப்பதில் பொருளும் இல்லை.

தரவு யாருடைய வழங்கியில் இருக்கிறது என்பது தனியுரிமைக்கு மட்டுமன்றி நிலைத்தன்மைக்கும் உரிய வினாவாகும். கூகுள் அனலிட்டிக்ஸின் இலவச நான்காம் பதிப்பில் பயனர் அளவிலான விவரங்களை அதிகபட்சம் 14 மாதங்களே வைத்திருக்க இயலும். அமைப்பில் மாற்றாவிட்டால் இரண்டே மாதம். அதன் முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 சூலை 1 அன்று புதிய தரவைப் பெறுவதை நிறுத்தியது. ஓராண்டு கழித்து, 2024 சூலை 1 முதல் பழைய அறிக்கைகளையும் திறக்க முடியாமல் போயிற்று. அதற்குள் பதிவிறக்கி வைத்துக்கொண்டவர்களிடமும், மட்டோமோ போன்ற வேறு கருவிக்குள் இறக்கிக்கொண்டவர்களிடமும் மட்டுமே தங்கள் தளத்தின் அந்தப் பழைய வரலாறு எஞ்சியுள்ளது.